ஃபோர்டு, ராம், செவ்ரலே: 14,000 பவுண்டு டிரெய்லருக்கு எந்தக் கனரகப் பிக்கப்?

ஃபோர்டு, ராம், செவ்ரலே ஆகிய மூன்றில் எந்த நிறுவனத்தின் கனரகப் பிக்கப் நெடுநாள் உழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கூடவே தந்திருக்கும் விவரங்களைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையானது. முழுச் சாமான்களுடன் 14,000 பவுண்டு வரும் ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லரை (பிக்கப்பின் சரக்குத் தளத்தில் பொருத்திய கொக்கியில் மாட்டும் வகை), குடும்பத்தினர் நால்வரோடு, ஆண்டுக்குச் சில முறை டெக்சசிலிருந்து கொலராடோ மலைகளுக்கு இழுத்துச் செல்ல வேண்டும். மற்ற நாட்களில் அதே வண்டியில் வேலைக்குப் போய்வர வேண்டும். 2020 முதல் 2023 வரையிலான பழைய வண்டியாக வாங்கவே எண்ணம். பார்த்து வைத்திருப்பவை எல்லாம் முக்கால் டன் டீசல் வண்டிகள், அதாவது கனரகப் பிக்கப்களில் சிறிய வகை. இந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதே நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. டீசல் பிக்கப்களைப் பழுது பார்ப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு வருபவை கெட்டுப்போன வண்டிகள் மட்டுமே; கெடாமல் ஓடிக்கொண்டிருப்பவற்றை நாங்கள் பார்ப்பதில்லை. ஆகவே எந்தப் பாகம் எதனால் கெடுகிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எந்த நிறுவனத்தின் வண்டிகள் நூற்றுக்கு எத்தனை கெடுகின்றன என்று என் பட்டறையை வைத்துக்கொண்டு சொல்வது நேர்மையாகாது.

அமெரிக்கச் சந்தையில் இந்த வகையில் போட்டியிடுவோர் மூவர்தான். ஃபோர்டு சூப்பர் டூட்டி, ராம் ஹெவி டூட்டி, ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே சில்வராடோ எச்டி. ஜிஎம்சி சியெரா எச்டியும் ஜெனரல் மோட்டார்ஸின் வண்டியே. இயந்திரமும் கியர்பாக்ஸும் சட்டகமும் சில்வராடோவுக்கு உரியவைதாம், அலங்காரமும் விலையும் வேறு. டொயோட்டா டன்ட்ரா இவற்றைவிட இலகுவான அரை டன் வகையைச் சேர்ந்தது. நிசான் 2016 மாதிரியில் 5.0 லிட்டர் கம்மின்ஸ் டீசலுடன் டைட்டன் எக்ஸ்டி என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அந்த டீசல் 2019 மாதிரியோடு நின்றுவிட்டது.

நிறுவனத்துக்குப் போவதற்கு முன் எடைக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் உள்ள வண்டிகளில் பெரும்பாலானவை அங்கேயே தோற்றுப்போகும். ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலே வந்து அமரும். 14,000 பவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலே 2,800 பவுண்டு. அதனுடன் இணைப்புக் கொக்கி ஏறத்தாழ 200 பவுண்டு, நால்வரும் கைப்பைகளும் 600 பவுண்டு என்று சேர்த்தால் 3,600 பவுண்டு ஆகிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு மஞ்சள் பட்டை கொண்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் அதில் அச்சிடப்பட்டிருக்கும். நான்கு கதவுகள், நான்கு சக்கர இயக்கம், டீசல் இயந்திரம், உயர்ரக இருக்கைகள் எல்லாம் உள்ள ஒரு முக்கால் டன் வண்டியில், அதாவது எஃப்-250 அல்லது 2500 வகையில், அந்த எண் 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் இருப்பது மிகச் சாதாரணம். அதே வண்டியின் விளம்பரத்தில் இழுவைத் திறன் 18,000 பவுண்டுக்கு மேல் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் உண்மையே. இயந்திரம் இழுக்கும், பின் அச்சும் ஸ்பிரிங்கும் டயரும் அந்தச் சுமையைத் தாங்கச் சான்று பெறவில்லை. உங்கள் டிரெய்லருக்கு ஒரு டன் வண்டி வேண்டும், அதாவது எஃப்-350 அல்லது 3500. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக வரும் இரட்டைச் சக்கரம் தேவைப்படாது; ஒற்றைச் சக்கர ஒரு டன் வண்டிகளில் நான்காயிரம் பவுண்டை ஒட்டிய சுமைத் திறன் உள்ளவை கிடைக்கின்றன.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று நீங்கள் கேட்கலாம், ஏனென்றால் முக்கால் டன்னையும் ஒரு டன்னையும் அருகருகே நிறுத்தினால் பல பாகங்கள் பொதுவானவை. காரணத்தில் பாதி சட்டத்தைச் சேர்ந்தது. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,001 பவுண்டை எட்டும் வண்டியை மாநிலம் விட்டு மாநிலம் தொழிலுக்கு ஓட்டினால் அது கூட்டாட்சி விதிகளின்படி வணிக வாகனம். அதைத் தவிர்க்க நினைக்கும் வாடிக்கையாளர்களுக்காக முக்கால் டன் வண்டிகளில் பல 10,000 பவுண்டு என்ற வரம்போடு சான்று பெற்று வெளிவருகின்றன. டீசல் இயந்திரம் பெட்ரோல் இயந்திரத்தைவிடப் பல நூறு பவுண்டு கனமானது என்பதால், மேல்வரம்பு மாறாத வண்டியில் அந்தக் கனம் முழுவதும் உங்கள் சுமைத் திறனிலிருந்தே கழிகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2020 மாதிரியிலிருந்து சில 2500 வண்டிகளுக்கு 10,000-ஐத் தாண்டிய வரம்பு தருகிறது. அப்படிப்பட்ட ஒன்று கண்ணில் பட்டால் ஒட்டுச்சீட்டைப் படித்துப் பாருங்கள். டெக்சஸ் உரிமத்தையும் இதோடு சேர்த்துக் கவனியுங்கள். இணைந்த வண்டிகளின் வரம்பு 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லர் 10,000 பவுண்டைத் தாண்டினால், சொந்தப் பயன்பாட்டுக்கும் அங்கே வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் தேவை. இந்தக் கணக்கில் வருவது சான்றளிக்கப்பட்ட வரம்பே. அன்றைக்குத் தராசில் காட்டும் எடை போதாது. ஒரு டன் பிக்கப்போடு 14,000 பவுண்டு டிரெய்லர் சேரும்போது அந்தக் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள்.

இழுவைத் திறனில் 36,000, 40,000 என்று நிறுவனங்கள் மோதிக்கொள்ளும் எண்களைப் பொறுத்தவரை, அவை பொய்யல்ல. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுத் தரமுறையை இன்று மூவருமே பின்பற்றுகிறார்கள். அதில் ஒரு சோதனை அரிசோனாவின் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள நீண்ட ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டது: கடும் வெயிலில், குளிர்சாதனம் முழுவீச்சில் ஓட, முழுச் சுமையுடன் ஏறும்போது ஒற்றைச் சக்கர வண்டியின் வேகம் மணிக்கு 40 மைலுக்கும், இரட்டைச் சக்கர வண்டியின் வேகம் 35 மைலுக்கும் கீழே இறங்கக்கூடாது. ஆனால் அந்த உச்ச எண்கள் இரட்டைச் சக்கரம், குறிப்பிட்ட பின் அச்சு விகிதம், கூஸ்நெக் இணைப்பு (சரக்குத் தளத்தில் உள்ள பந்தில் மாட்டுவது) என ஒரே ஒரு சேர்க்கைக்கு உரியவை. உங்கள் டிரெய்லர் அதில் பாதிகூட இல்லை. மூன்று நிறுவனங்களின் ஒரு டன் டீசலும் அதை இழுக்கும்; இழுவையில் யார் முதல் என்ற போட்டி உங்களைப் பொறுத்தவரை முடிந்துபோன ஒன்று.

இனி இயந்திரங்கள். ராமில் இருப்பது கம்மின்ஸ் நிறுவனத்தின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் டீசல். 1989 மாதிரியில் 5.9 லிட்டர், 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி முறுக்குவிசை என்று டாட்ஜ் பிக்கப்பில் நுழைந்தது, 2007-இல் 6.7 லிட்டர் ஆனது. ஒரே வரிசையில் சிலிண்டர்கள் இருப்பதால் பக்கவாட்டில் இடம் மிஞ்சுகிறது, ஒரே ஒரு சிலிண்டர் தலைதான் உண்டு, கைவைத்து வேலை செய்ய எளிது. எங்களைப் போன்றவர்கள் அதை விரும்புவதற்கு அது முதற்காரணம். ஃபோர்டின் டீசல்கள் 2010 வரை நாவிஸ்டார் நிறுவனத்திடமிருந்து வந்தன. அவற்றுள் 7.3 லிட்டர் நற்பெயரையும், 2003 முதல் 2007 வரையிலான 6.0 லிட்டர் கெட்ட பெயரையும் விட்டுச்சென்றன. பின்னதில் ஆயில் குளிர்விப்பான் அடைபட்டு, புகை மறுசுழற்சிக் குளிர்விப்பான் வெடித்து, சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு போவது வழக்கமான வரிசை. 2011 மாதிரியிலிருந்து வரும் 6.7 லிட்டர் வி8-ஐ (வி வடிவில் எட்டு சிலிண்டர்) ஃபோர்டு தானே வடிவமைத்தது. அதற்கும் பழைய 6.0-க்கும் உறவே இல்லை. இன்றும் சிலர் பழைய பழியைப் புதிய இயந்திரத்தின் தலையில் சுமத்துவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் டியூராமாக்ஸ், இசுசுவுடன் கூட்டாக 2001 மாதிரியில் தொடங்கியது. முதல் தலைமுறையில் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் தொல்லை கொடுத்தன. நீங்கள் பார்க்கும் ஆண்டுகளில் உள்ளது 2017-இல் வந்த எல்5பி தலைமுறை. எண்களாகச் சொன்னால், உங்கள் ஆண்டுகளில் ஃபோர்டு 475 குதிரைத்திறனும் 1,050 பவுண்டு-அடியும், டியூராமாக்ஸ் 445-ம் 910-ம், ராமின் சாதாரண கம்மின்ஸ் 370-ம் 850-ம் தருகின்றன. 2021 முதல் ராம் 3500-இல் விருப்பத் தேர்வாகக் கிடைத்த உயர்திறன் கம்மின்ஸ் 420-ம் 1,075-ம் தருகிறது. 2023-இல் ஃபோர்டும் 500-ம் 1,200-ம் தரும் உயர்திறன் வகையைச் சேர்த்தது.

இயந்திரத்தின் உலோகத்தைவிட இந்தக் காலத்து டீசலின் ஆயுளை அதிகம் தீர்மானிப்பது உயர் அழுத்த எரிபொருள் பம்ப். பாஷ் நிறுவனத்தின் சிபி4 பம்பைப் பற்றிப் படித்திருப்பீர்கள். டீசலே அந்தப் பம்புக்கு மசகு. அமெரிக்க டீசலின் வழுவழுப்புத் தரம், சோதனையில் உலோகத்தின் மேல் 520 மைக்ரான் வரை தேய்மானத் தழும்பை அனுமதிக்கிறது. ஐரோப்பியத் தரம் 460-ஐத் தாண்ட விடாது. வழுவழுப்புக் குறைந்த டீசலோ, தண்ணீர் கலந்த டீசலோ தொடர்ந்து போனால் பம்புக்குள் உருளை தடம் மாறி உராய்ந்து, உலோகத் துகள்கள் குழாய் முழுவதும் பரவி இன்ஜெக்டர் வரை எல்லாவற்றையும் கெடுக்கும். முழுதாக மாற்றும் செலவு 10,000 டாலரை எட்டலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2011 முதல் 2016 வரை இந்தப் பம்பைப் பயன்படுத்தி, 2017-இல் டென்சோ பம்புக்கு மாறியது. ராம் 2019, 2020 மாதிரிகளில் சிபி4-ஐப் போட்டது. பிறகு அவ்வண்டிகளைத் திரும்ப அழைத்து, 2021-இல் பழைய சிபி3-க்கே போனது. ஃபோர்டு உங்கள் ஆண்டுகளில் சிபி4-ஐயே பயன்படுத்துகிறது. இது ஃபோர்டை ஒதுக்கப் போதுமான காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலான வண்டிகள் பம்ப் கெடாமலே ஓடுகின்றன. எரிபொருள் வடிகட்டியைக் காலத்தில் மாற்றி, நீர் பிரிப்பானை வடித்து, கூட்டம் அதிகமுள்ள நிலையங்களில் டீசல் போடுபவருக்கு ஆபத்து வெகுவாகக் குறையும். முந்தைய உரிமையாளர் அப்படிச் செய்தாரா என்பதற்கு ரசீதைத் தவிர வேறு சாட்சி இல்லை. கம்மின்ஸுக்கும் தனக்கென ஒரு பலவீனம் உண்டு: 6.7-இல் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் கம்பிவலைச் சூடேற்றியின் திருகு நாளடைவில் வெந்து தளர்ந்து சிலிண்டருக்குள் விழுவது. எல்லா வண்டியிலும் நடப்பதில்லை. நடந்தால் இயந்திரம் போய்விடும். இதற்கு மாற்றுப் பாகங்கள் சந்தையில் கிடைக்கின்றன. 2025 மாதிரியில் கம்மின்ஸ் அந்தச் சூடேற்றியையே கைவிட்டு, சிலிண்டருக்குள்ளேயே சூடேற்றும் குளோ பிளக்குகளுக்கு மாறிவிட்டது.

கியர்பாக்ஸ் விஷயத்தில் என் கருத்து இன்னும் உறுதியானது. ராமின் சாதாரணக் கம்மின்ஸோடு வரும் 68ஆர்எஃப்இ என்ற ஆறு வேக கியர்பாக்ஸ் அந்த இயந்திரத்துக்கு ஈடான பலம் கொண்டதல்ல. இயந்திரத்துக்குப் புகழ் சேரும் அதே பட்டறைகளில் இந்த கியர்பாக்ஸ் திரும்பத் திரும்பப் பிரிக்கப்படுகிறது. 3500-இல் உயர்திறன் இயந்திரத்தோடு வரும் ஐசின் கியர்பாக்ஸ் அதைவிட வலுவானது, கியர் மாற்றங்கள் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும். 2025-இல் இரண்டையும் நீக்கி எட்டு வேக கியர்பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்ததிலிருந்தே ராம் அங்கே இருந்த இடைவெளியை உணர்ந்தது என்று கொள்ளலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 2020 முதல் பத்து வேக கியர்பாக்ஸ்களைத் தருகின்றன. ஜெனரல் மோட்டார்ஸுடையதில் அலிசன் என்ற பெயர் இருக்கிறது. 2019 வரையிலான ஆறு வேக அலிசன் அந்த நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு, பத்து வேகத்தை ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிக்க அலிசன் சோதித்துச் சான்றளித்தது. 2020 முதல் 2022 வரையிலான அதன் டீசல் பிக்கப்களையும் எஸ்யூவிகளையும், கியர்பாக்ஸின் வால்வு தேய்ந்து பின் சக்கரங்கள் கணநேரம் பூட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் 2024-இல் திரும்ப அழைத்தார்கள். நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள். நீங்கள் பார்க்கும் வண்டி அந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதால், அதன் அடையாள எண்ணை தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டு, அந்த வேலை முடிந்ததா என்று பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

முன் அச்சில்தான் மூவரும் உண்மையாகவே வேறு வேறு வழியில் போகிறார்கள். நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஃபோர்டிலும் ராமிலும் முன்னால் ஒரே தண்டான திட அச்சு. ஜெனரல் மோட்டார்ஸில் இரு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு, முறுக்குத் தண்டு ஸ்பிரிங்குடன். நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட்டினால் பின்னதன் ஸ்டீயரிங் நிதானமும் குலுக்கலின்மையும் தெளிவாகத் தெரியும். கனமான பனி வாரியை மாட்டுவோருக்கும், வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போடுவோருக்கும் திட அச்சு ஏற்றது. திட அச்சுக்கே உரிய தொல்லை, ஏதோ ஒரு மேட்டைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் அதிர்வது. இதற்கு அதிர்வுத் தணிப்பானை மட்டும் மாற்றித் தருபவர்களை நம்பாதீர்கள். அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரின் தேய்ந்த புஷ், தேய்ந்த பந்து மூட்டு, தவறான டயர் அழுத்தம் ஆகியவையே காரணம், தணிப்பான் அவற்றைச் சில மாதம் மறைத்து வைக்கும். பின்பக்கத்தில் ராம் 2500 மட்டும் 2014 முதல் காயில் ஸ்பிரிங் கொண்டது. வெற்றாக ஓட்டும்போது மென்மை, ஆனால் உங்கள் சுமைக்கு அது பொருந்தாது என்பதை முன்பே பார்த்தோம். ஃபோர்டின் உடல் 2017 முதல் அலுமினியம். துரு பிடிக்காது, அடிபட்டால் அதைச் சரிசெய்யும் கூடங்கள் குறைவு. சட்டகம் எஃகுதான், ஆகவே உப்புத் தூவும் மாநிலத்து வண்டியென்றால் கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

டீசல் தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அன்றாட ஓட்டம் சில மைல்தான் என்று எழுதியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. புகைக்கரி வடிகட்டி சூடேறித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். குறுகிய ஓட்டமே ஓடும் டீசல் வண்டி அந்தச் சுத்திகரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்து, கடைசியில் உணர்விகளும் வடிகட்டியும் செலவு வைக்கும். புதிய வண்டியில் டீசலுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கூடுதல் விலை. பழையதிலும் அதில் பெரும்பங்கு நீடிக்கிறது. பெட்ரோலில் ஃபோர்டின் 7.3 லிட்டர் எளிய அமைப்பு கொண்ட இரும்பு வி8, 430 குதிரைத்திறன். ஜெனரல் மோட்டார்ஸின் 6.6, 401, ராமின் 6.4 ஹெமி, 410, அதில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டும் லிஃப்டர்களும் தேய்வது பரவலாக அறியப்பட்ட குறை. சமவெளியில் மட்டும் இழுப்பதென்றால் நான் 7.3-ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்கள் பாதை கொலராடோ வழியே போகிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இயந்திரம் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு திறனை இழக்கும். ஐ-70 சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருப்பதால் அங்கே 430 குதிரைத்திறன் ஏறத்தாழ 300-ஆகக் குறைந்துவிடும். அதைவிட முக்கியமானது இறக்கம். அந்தச் சாலையில் 7 விழுக்காடு வரை சரிவு உண்டு. டீசலின் டர்போ, புகை வெளியேறும் வழியை நெருக்கி இயந்திரத்தையே தடையாக்குகிறது. 14,000 பவுண்டு பின்னாலிருந்து தள்ளும்போது பிரேக்குகளை அளவுக்கு மீறிச் சூடேற விடாமல் இறங்குவதற்கு இதற்கு இணையான வசதி பெட்ரோல் வண்டியில் இல்லை. குடும்பத்தோடு போகிறீர்கள் என்பதால், குறுகிய ஓட்டத்தின் குறைகளை ஏற்றுக்கொண்டே டீசலைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரமாவது நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டிவிடுங்கள்.

உறுதியற்றவற்றையும் சொல்லிவிட வேண்டும். எந்த வண்டி கேலனுக்கு எத்தனை மைல் தரும் என்ற ஒப்பீடுகளை அளவோடு நம்புங்கள்; மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்களுக்கு எரிபொருள் சிக்கனச் சீட்டு கட்டாயமில்லை, ஆகவே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண் எதுவும் அவற்றுக்கு ஒட்டப்படுவதில்லை. கிடைப்பவை உரிமையாளர்களின் கணக்குகள்; டிரெய்லரின் முகப்பளவும் ஓட்டும் வேகமும் அவற்றை நிறுவனத்தின் பெயரைவிட அதிகம் மாற்றிவிடும். பத்து லட்சம் மைல் ஓடிய கம்மின்ஸ் பற்றிய செய்திகள் மெய்யாகவே இருக்கலாம், ஆனால் அவை பெரும்பாலும் எளிய பழைய 5.9-ஐப் பற்றியவை, இன்றைய புகைச் சுத்திகரிப்புக் கருவிகளோடு வரும் 6.7-க்கு அந்தப் பெயரை அப்படியே கடன் கொடுப்பது சரியல்ல.

இவற்றையெல்லாம் வைத்து உங்களுக்கு என் தேர்வு இது. முதலில், 2021 அல்லது அதற்குப் பிந்தைய ஒற்றைச் சக்கர சில்வராடோ அல்லது சியெரா 3500 டீசல், கியர்பாக்ஸ் திரும்ப அழைப்பு வேலை முடிந்ததாக இருந்தால். பம்பும் முன் அச்சின் நிதானமும் உங்கள் நீண்ட பயணத்துக்குச் சாதகம். பராமரிப்பு ரசீதுகள் முழுமையாக உள்ள எஃப்-350 கிடைத்தால் அதையும் சம வரிசையில் வைப்பேன். ராம் என்றால் 2021-க்குப் பிந்தைய, ஐசின் கியர்பாக்ஸ் கொண்ட 3500 மட்டும். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து எளிதில் போகும் தூரத்தில் நல்ல டீசல் தொழில்நுட்பர் உள்ள டீலர் மூவரில் ஒருவருக்கு மட்டுமே இருந்தால், அந்த ஒன்று என் வரிசையை மாற்றிவிடலாம். எந்த வண்டியானாலும் புகைச் சுத்திகரிப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அது கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது, டீலர்கள் பலர் அதைத் தொடவே மாட்டார்கள், உத்தரவாதமும் மறுக்கப்படும். கழற்றப்பட்டதை அறிய எளிய வழி, வண்டி நன்கு சூடாக ஓடிய பிறகு வெளியேற்றுக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் துணி கருக்காது.